சோறு வந்த வழியும் விளையாட்டு நின்ற இடமும்

ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய கதையைத் தேடி வருகிறவர்கள் முதலில் அட்மிஷன் ரெஜிஸ்டரைத்தான் கேட்பார்கள். ஊர்ப் பெரிய மனிதர் எந்த வருஷம் சேர்ந்தார், அப்பாவுக்கு என்ன தொழில் என்பதெல்லாம் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் விளையாட்டுச் சாமான்களின் ஸ்டாக் ரெஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள் என்பேன். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அந்தப் பள்ளிக்கூடம் எந்தக் காலத்தில் என்ன நினைத்தது என்பது அதில் பதிவாகியிருக்கும்.

நான் உடற்கல்வி ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தது சாத்தூர்ப் பக்கம் ஒரு பழைய பெண்கள் பள்ளியில். ஸ்டோர் ரூம் சாவியோடு அந்த ரெஜிஸ்டரையும் கொடுத்தார்கள். துணி பைண்டு போட்ட நீள நோட்டு. முன் பக்கங்களில் தொட்டெழுதும் பேனாவின் மையில் ஆங்கிலம்: மர டம்பெல் இத்தனை ஜோடி, இண்டியன் கிளப் இத்தனை ஜோடி, மூங்கில் தடி, கொடி, ஒரு பியூகிள். இன்னும் சில பக்கம் தள்ளினால் ஸ்கிப்பிங் கயிறு, டெனிகாய்ட் வளையம், த்ரோபால், வலை, பந்துக்கு பிளாடர், லேஸ் கோக்கும் ஊசி. பின் பக்கங்களில் எழுத்து தமிழுக்கு மாறிவிடுகிறது. சாமான் குறைந்துகொண்டே போகிறது. பல வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில், இனி உதவாது என்று கழித்ததைக் குறிக்கும் ‘கண்டம்’ என்ற சொல்லை எழுதி எச்.எம். கையெழுத்து.

முதல் பக்கத்து டம்பெல்லும் கிளப்பும் வெள்ளைக்காரன் பட்டாளத்தின் வாசனை கொண்டவை. இண்டியன் கிளப் என்று ஆங்கிலத்தில் பெருமையாக எழுதியிருப்பது நம் ஊர் கர்லாக்கட்டைதான். இங்கே மல்லர்கள் சுற்றியதை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், கனத்தைக் குறைத்து, எண்ணிக்கைக்குச் சுற்றுகிற பயிற்சியாக்கினார்கள். அது திரும்பி நம் பள்ளிக்கூடங்களுக்கு டிரில் சாமானாக வந்தது.

அந்தக் காலத்து டிரில் மாஸ்டர் பெரும்பாலும் பென்ஷன் வாங்கிய பட்டாளத்துக்காரர். உடம்பைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ படித்தவர் அல்ல. வரிசை கோணாமல் நிற்க வேண்டும், சொன்னவுடன் திரும்ப வேண்டும், பேசக் கூடாது, அவ்வளவுதான் பாடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதுகூட இல்லை. விளையாட்டு தெருவின் பாடு, படிப்பு வாத்தியாரின் பாடு என்று பிரித்து வைத்திருந்தார்கள். சடுகுடு, கிட்டிப்புள், பாண்டி, கிளித்தட்டு எதையும் பள்ளிக்கூடத்துக்குள் விட்டதில்லை. தெரு தெருவாகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்த வரையில் அதில் குறையும் தெரியவில்லை.

1920-இல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி. பி. தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த மாநகராட்சி மன்றம், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் டிபன் கொடுக்கலாம் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்மானம் போட்டது. ஏழைப் பிள்ளைகள் வயிற்றைப் பார்த்துப் பள்ளிக்கு வராமல் போனார்கள், அதற்கு வழி தேடினார்கள். இன்னொன்று, எஸ்பிளனேடில் ஒய்.எம்.சி.ஏ. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் அங்கே உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னால் சைதாப்பேட்டைக்குப் போய், இன்றைக்கு நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாக இருக்கிறது. இந்த நாட்டில் அந்த மாதிரிக் கல்லூரிகளில் மூத்தது அதுவே.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, நடுவே சில மைல். ஒருவர் பிள்ளைக்குச் சோறு போட நினைத்தார், இன்னொருவர் பிள்ளையை விளையாட வைக்க நினைத்தார். நூறு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால் சோறு எங்கேயோ போய்விட்டது, விளையாட்டு எங்கேயோ நின்றுவிட்டது. என் வேலைக்காலம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது.

பக் படித்தது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உண்டாக்கியது அங்கேதான். அதே மாநிலத்து ஹோலியோக்கில் 1895-இல் வில்லியம் மார்கன் வாலிபாலைத் தொடங்கினார், அவரும் ஒய்.எம்.சி.ஏ. ஆள்தான். குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆடுவதற்காகப் பிறந்த இந்த ஆட்டங்கள் நம் வெயிலில் வந்து வேரூன்றியதற்கு, பக்கிடம் படித்துவிட்டு ஊர் ஊராகப் போன மாஸ்டர்கள் பெரிய காரணம் என்பது என் எண்ணம். தென் மாவட்டத்தில் கண்மாய்க் கரையிலும் களத்துமேட்டிலும் சாயங்காலம் வாலிபால் வலை கட்டாத கிராமம் அபூர்வம். அந்த வலைக்குப் பின்னால் யாராவது ஒரு டிரில் மாஸ்டர் இருந்திருப்பார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் பக்தான். ஆட்ட விதிகளைத் தொகுத்து அவர் போட்ட புத்தகம் பல பதிப்புகள் கண்டது. எங்கள் தொழிலில் ‘பக் புக்’ என்றால் எல்லாருக்கும் தெரியும். கோர்ட்டுக்கு எத்தனை அடி, கோடு எத்தனை அங்குலம் என்று சண்டை வந்தால் அதைத்தான் திறப்பார்கள். 1943-இல் அவர் சென்னையிலேயே இறந்தார்.

பெண் பிள்ளைகளுக்கு அவர் செய்துவிட்டுப் போன உதவி த்ரோபால். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பெண்கள் ஆடிய ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னைக்கு வந்தது. 1940-ஐ ஒட்டி பக் அதற்கு விதிமுறை எழுதினார். வாலிபால் மாதிரி வலை, ஆனால் பந்தைத் தட்ட வேண்டியதில்லை. பிடித்து, மூன்று நொடிக்குள் தோளுக்கு மேலிருந்து ஒரு கையால் எறிந்துவிட வேண்டும். அணிக்கு ஏழு பேர். குதித்து விழ வேண்டியதில்லை, ஆள் மேல் ஆள் இடிக்க வேண்டியதில்லை, பாவாடை தாவணியோடும் ஆடலாம். தாவணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஆடியிருக்கிறார்கள். கப்பல் மேல்தளத்தில் பொழுதுபோக்குக்கு ஆடிய டெனிகாய்ட்டும் இப்படித்தான் நம் பெண்கள் பள்ளிகளுக்குள் வந்து தங்கியது. என் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பியூகிளும் தடியும் போய் வளையமும் த்ரோபாலும் வந்த பக்கங்கள், எங்கள் பள்ளிக்கூடம் பட்டாளத்தை விட்டு விளையாட்டுக்கு மாறிய பக்கங்கள்.

நானும் நந்தனத்தில் படித்தவள்தான். கரிசக்காட்டிலிருந்து தாவணியோடு போய், முதன்முதலாக டிராக் பேண்ட் போட்டது அங்கே. அனாடமி, முதலுதவி, உணவு, சுகாதாரம், அதற்குப் பிறகுதான் ஆட்டம். அங்கே தினமும் காதில் விழுந்த வார்த்தை ‘இன்ட்ராமுரல்’. பள்ளிக்குள்ளேயே வகுப்புக்கு வகுப்பு, அணிக்கு அணி ஆடுவது. நன்றாக ஆடுகிற பன்னிரண்டு பேரைப் பொறுக்கி வெளியூருக்குக் கூட்டிப்போவது அதற்குப் பிறகு வரவேண்டிய வேலை. குண்டாக இருக்கிறவள், கண்ணாடி போட்டவள், வெட்கப்படுகிறவள் எல்லாரும் ஆடியாக வேண்டும் என்பது அங்கே பாடம். வேலைக்கு வந்த பிறகு இதைச் சொன்னால் எனக்குப் புத்தி மாறிவிட்டதா என்று பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் டெல்லி பல திட்டம் போட்டது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த போன்ஸ்லே 1954-இல் அகதிப் பிள்ளைகளிடம் ஆரம்பித்த தேசிய ஒழுங்குத் திட்டம், பள்ளிகளுக்கு வந்த ஏ.சி.சி. என்ற துணை மாணவர் படை, இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்த அமைத்த குன்ஸ்ரு குழு, 1965-இல் தேசிய உடல்தகுதிப் படை. எல்லாவற்றிலும் ஒழுக்கம், தேசபக்தி, அணிவகுப்பு. விளையாட்டு என்ற சொல் கடைசியில்தான் வரும். பழைய ஹவில்தார் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார் என்று சொல்லிவிட்டு இதைத் தாண்டிவிடலாம்.

சோற்றின் கதை வேறு மாதிரி. ஆயிரம் விளக்கு டிபன் சீராக வளர்ந்துவிடவில்லை. இன்னும் சில பள்ளிகளுக்குப் போய், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய அரசு அனுமதிக்காததால் 1925-இல் நின்று, பிறகு மீண்டும் வந்தது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். எங்கள் பக்கத்து ஊர். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக அலைந்து ஆட்களைச் சேர்த்தார். அரசுப் பணம் பாதி, ஊர்க்காரர்கள் கொடுத்த தானியமும் காசும் பாதி என்கிற மாதிரி நடந்தது. நான் பள்ளியில் தின்றது ‘கேர்’ நிறுவனம் அனுப்பிய மக்காச்சோள மாவு உப்புமா. அமெரிக்கப் பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள், கட்டி கட்டியாக இருக்கும். அதற்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கியது வேறு அளவு. முதலில் கிராமத்துச் சின்னப் பிள்ளைகள், அந்த ஆண்டே நகரங்கள், 1984-இல் பெரிய வகுப்புகள். வீண் செலவு என்று படித்தவர்கள் எழுதித் தள்ளினார்கள். திட்டம் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் சமையலறை வந்தது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆட்கள் வந்தார்கள், தட்டு வந்தது, பிள்ளைகளுக்குப் பல்பொடிகூட வந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010-இல் அது வாரத்துக்கு ஐந்து. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு கட்சி தொடங்கியதை அடுத்த கட்சி நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போன காரியங்கள் இந்த மாநிலத்தில் ரொம்ப இல்லை. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, நாங்கள் அதை வெகுகாலமாகச் செய்துகொண்டிருந்தோம்.

ஒரு பி.இ.டி. டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காலை வழிபாட்டில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது நாங்கள். திங்கட்கிழமை பெரிய பிரேயர். கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, செய்தி, குறள், எச்.எம். பேச்சு. பாதியில் வரிசைக்குள் பொத்தென்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிப்போய்த் தூக்கி, நிழலில் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, “என்னடி சாப்பிட்ட காலையில?” என்றால், “சாப்பிடல டீச்சர்.” அம்மா விடியக்காலை தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருப்பாள். ராத்திரிச் சோறு மிஞ்சியிருக்காது. சனி ஞாயிறு சத்துணவும் கிடையாதே, அதனால் திங்கட்கிழமை விழுகிற பிள்ளைகள்தான் அதிகம். இவளை வைத்துக்கொண்டு முதல் பீரியடில் என்ன ஓட்டம் விடுவது? மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பி.டி. வைக்க வேண்டாம் என்று நானே எச்.எம்.மிடம் கேட்டு வாங்கிய வருஷங்கள் உண்டு.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பித்தார்கள். முதலில் 1,545 அரசுப் பள்ளிகள், அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட சாம்பார். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியை சொல்லித்தான் தெரியும், பிரேயரில் இப்போது பிள்ளைகள் விழுவதில்லை என்று. திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பது என் வருத்தம். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பசி நின்றுவிடுமா?

சரி, விளையாட்டுக்கு வருவோம். எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு வருமுன்பும் போன பின்பும் வீட்டில் பெட்டி ஒட்டுவார்கள், கட்டை அடுக்குவார்கள். வரிப்பள்ளம் போட்ட சட்டங்களில் தீக்குச்சியை ஒவ்வொன்றாக நிரப்பி அடுக்குவது கட்டை அடுக்குதல். எண்ணிக்கைக்குக் கூலி. விரல்கள் பறக்கும், மற்ற உடம்பு அசையாது. குத்தவைத்து, முதுகு வளைத்து, தலை குனிந்து மணிக்கணக்காக. அந்தப் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திக் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் பாதியில் நிற்கும். த்ரோபாலைத் தோளுக்கு மேலிருந்து எறியச் சொன்னால் மார்பிலிருந்து தள்ளுவார்கள். பந்து வலையைத் தாண்டாது. நான் முதலில் பந்தே கொடுக்க மாட்டேன். சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. எட்டித் தொட வேண்டும். மறுநாள் கோடு ஓர் அங்குலம் மேலே. கொஞ்ச நாளில் கை தானாக எழும்பும். அப்புறம் பந்து. சுவரில் ஏறிக்கொண்டே போன அந்தச் சாக்பீஸ் கோடுகளுக்கு எந்த ரெஜிஸ்டரிலும் இடமில்லை, எந்த இன்ஸ்பெக்ஷனிலும் யாரும் கேட்டதில்லை.

மைதானமே கரிசல். மழை பெய்தால் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது. பங்குனி சித்திரையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஓடினால் கணுக்கால் பிசகும். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவரிடம் கேட்டுச் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டால் கோர்ட். சத்துணவுக்கூடத்துக்கு அரசாங்கம் கட்டடம் கட்டிக் கொடுத்தது. மைதானம் டிரில் மாஸ்டரின் வாய்ச்சாமர்த்தியத்தில்தான் உருவாகும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தபோது, ஒரு பள்ளிக்கு இருந்தே ஆக வேண்டியவற்றில் விளையாட்டு மைதானத்தையும் எழுதினார்கள். எழுதினார்கள், அவ்வளவுதான்.

மாதத்தில் சில நாள் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். “டீச்சர், வயித்து வலி.” எனக்குத் தெரியும். வலி பாதி, பயம் பாதி. வீட்டுத் துணி நகர்ந்துவிடும், பாவாடையில் பட்டுவிடும், பையன்கள் பள்ளிக்கூடம் எதிரே. கழிப்பறைக்குப் போனால் தண்ணீர் இருக்காது. அந்த நிலைமையில் எந்தப் பிள்ளையையும் நான் எழுப்பி ஓடச் சொன்னதில்லை. தமிழக அரசு 2011-இல் அறிவித்த ‘புதுயுகம்’ திட்டத்தில் கிராமத்து மாணவிகளுக்கு நாப்கின் பாக்கெட் கொடுக்க ஆரம்பித்தார்கள். மரத்தடிக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தாவணி போய்ச் சுடிதார் வந்ததும் சேர்ந்துகொண்டது. பெண்களின் விளையாட்டு முன்னேறியதற்கு யார் யாருக்கோ மாலை போடுகிறார்கள். அந்த நாப்கின் பாக்கெட்டுக்கும் சுடிதாருக்கும் ஒரு மாலை போடலாம்.

வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை. அதையும் நாங்கள்தான் கொடுப்போம். சாப்பிட்ட பிறகு, எங்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துச் சாக்கடையில் துப்புவதில் சிலர் கெட்டிக்காரிகள். நகம் பார்ப்பது, தலையில் பேன் பார்ப்பது, சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வரிசை விடுவது, குடற்புழு மாத்திரை நாளில் பெயர் டிக் அடிப்பது, எல்லாமே பி.இ.டி. டீச்சர் தலையில். நான் குறை சொல்லவில்லை. வீட்டில் யாரும் சொல்லித்தராத பழக்கங்களைப் பிள்ளை கற்ற இடம் அந்த வரிசைதான். இப்போது வாட்டர் பெல் அடித்துத் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். கழிப்பறை சரியில்லாத காலத்தில் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்த பெண்கள் எத்தனை பேர்.

இத்தனைக்கும் நடுவில் விளையாட்டு பீரியட் என்ன ஆனது? வாரத்துக்கு இரண்டு, பெரும்பாலும் கடைசி பீரியட். அதிலும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் டைம் டேபிளில் மட்டும் இருக்கும். கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். “டீச்சர், இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க, போர்ஷன் முடியல.” அந்த ஒரு பீரியட் வருஷக்கடைசி வரை நீளும். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கடன் கொடுங்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. ஓர் அமைச்சர் மேடை ஏறிக் கேட்க வேண்டிய அளவுக்கு அந்தக் கடன் ஊறிப்போய்விட்டது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிஷம் உடம்பு வியர்க்கிற அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிஷம். எங்கள் இரண்டு பீரியடும் முழுசாக நடந்தாலே 90 நிமிஷத்தைத் தாண்டாது. மிச்சத்தை முன்பு தெரு கொடுத்தது. இப்போது தெருவில் பைக், வீட்டில் செல்போன், சாயங்காலம் டியூஷன்.

இன்னொரு கோளாறு போட்டி. குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம். பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு. ஷீல்டு வந்தால் எச்.எம். அறையில் கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள். அதனால் பன்னிரண்டு பேருக்குக் காலையிலும் மாலையிலும் பயிற்சி, மற்ற பிள்ளைகள் பை பார்த்துக்கொள்வதும் கைதட்டுவதும். வெற்றி பெறுகிறவர்களை நான் மட்டம் தட்டவில்லை. சேலம் மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு கால் பாதிக்கப்பட்ட மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டத் தூண்டியது அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். 2016 ரியோ பாராலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கினார். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டுமானாலும் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் இறக்கிப் பார்த்தால்தானே முடியும்?

சோறு வளர்ந்து விளையாட்டு ஏன் நின்றது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பசி கண்ணுக்குத் தெரியும், ஓட்டுப் போடுகிற தாய் அதை உணர்வாள். ஓடாத உடம்பு இருபது வருஷம் கழித்துத்தான் சர்க்கரையாகவும் பி.பி.யாகவும் பேசும். சத்துணவுக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தினமும் அடுப்பு மூட்டும் ஆள் உண்டு, அரிசி வரும் தேதி உண்டு, சாப்பிட்டவர் எண்ணிக்கையை அன்றைக்கே மேலே அனுப்ப வேண்டும். விளையாட்டுக்கு ஓர் ஆள், ஒரு விசில், ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர். தொடக்கப் பள்ளியில் அந்த ஓர் ஆளும் கிடையாது, உடற்கல்வி ஆசிரியர் என்ற பணியிடமே அங்கே இல்லை. பழக்கம் படிகிற வயதே அதுதான். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அவர்களில் பலர் பின்னால் பணி நிரந்தரம் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். சமையலறையை இப்படி நடத்தியிருந்தால் சத்துணவு என்றைக்கோ மூடியிருக்கும்.

வாசல் வியாபாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. முன்பு ஒரு பாட்டி சாக்கு விரித்து இலந்தைப்பழம், கொடுக்காப்புளி, அரிநெல்லி, உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் வைத்திருப்பார். மண் ஒட்டியிருக்கும், பிள்ளைகள் பாவாடையில் துடைத்துத் தின்பார்கள். அதை வேண்டாம் என்று நானே விரட்டியதுண்டு. இப்போது அந்த இடத்தில் சரம் சரமாகத் தொங்குகிற ஐந்து ரூபாய் பாக்கெட். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. எங்கள் ஊரில் 50 மீட்டரை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. நானாவது டேப் கொண்டுபோயிருக்கலாம், அது எங்கள் ரெஜிஸ்டரில் இருந்த சாமான்தான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பாலானவர்கள் நீங்கள்தான். அடுத்த கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள்: என் பிள்ளை இந்த வாரம் எத்தனை நிமிஷம் மைதானத்தில் இருந்தாள், அவள் கையில் பந்து எத்தனை தடவை வந்தது? பதிலை மினிட்ஸ் நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த மாதமும் போய் அதையே கேளுங்கள்.